அம்மா தேங்காய் துருவப் போன அருங்காட்சியகம்

எங்கள் வீட்டுத் துருவலை ஒரு காலத்தில் அருங்காட்சியகத்தில் இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள், அவ்வளவு பழைய சாமானா என்பார்கள். அப்படியொன்றுமில்லை. தேங்காய் துருவும்போது குந்தியிருக்க ஒரு சின்னப் பலகை, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லு வைத்த இரும்பு நாக்கு, அவ்வளவுதான். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தபோது சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் ஆயுதமென்று பிடித்துவிடுவார்களோ என்று அப்பா இங்கேயிருந்து பயந்துகொண்டிருந்தாராம்.

அது அருங்காட்சியகத்துக்குப் போனதற்குக் காரணம் நான். அப்போது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவில், சந்தையைத் தாண்டித் துறைமுகப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில், அந்தக் குடியிருப்பின் பழைய வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. தெருவோடு ஒட்டிய மூன்று ஒற்றை அறை வீடுகளின் சுவரை உடைத்து ஒன்றாக்கியிருந்தார்கள். ராசா ராணிகளின் பொருள் ஒன்றும் கிடையாது. மீன் தராசு, கிழிந்த வலை, ரொட்டி மா பிசையும் மரத்தொட்டி, கரி போடும் இஸ்திரிப்பெட்டி, சுவர் நிறைய இறந்துபோனவர்களின் படங்கள். இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் அதை நடத்தி வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அவர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, உன் வீட்டுக் குசினியில் மற்றவர்கள் வீட்டில் இல்லாத என்ன சாமான் இருக்கிறது என்று கேட்டார். நான் எழும்பி, எங்கள் வீட்டில் குந்துவதற்குப் பல்லு வைத்த கதிரை இருக்கிறது என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதைக் கொஞ்ச நாளைக்குத் தருவீர்களா என்று கேட்டார்.

அப்பாவுக்கு அன்று ஒரே சந்தோஷம்.

"எங்கடை துருவலை அருங்காட்சியகத்துக்குப் போகுதோ? அங்கை ஆர் வந்து அதுக்குக் கும்பிடுபோடப் போறான்?" என்று பகிடி பண்ணினார். ஆனால் தேங்காயெண்ணெய் போட்டு இரும்பைத் துடைத்து, தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்ததும் அவர்தான்.

துருவலை போன பிறகுதான் அது எவ்வளவு வேண்டிய சாமான் என்பது தெரிந்தது. அம்மா பாலாடைக்கட்டி சீவும் தட்டில் தேங்காயைத் தேய்த்துப் பார்த்தார். தேங்காயைவிட விரல்தான் அதிகம் சீவுப்பட்டது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து வந்ததும் தேங்காயை உடைத்து ஒரு ஏதனத்தில் வைத்து, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டார். ஒரு மணித்தியாலத்துக்குத் துருவலையை இரவலாகத் தரும்படி கேட்பது அவருடைய எண்ணம். எங்கள் சாமானை நாங்களே இரவல் கேட்கப் போனோம்.

ஆசிரியை எங்களை உள்ளே விட்டு, துருவலையைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஏன் கொண்டுபோகிறீர்கள், இங்கேயே இருந்து துருவுங்கள் என்றார். அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கால்சட்டையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பலகையில் குந்தினார். தேங்காய்ப்பூ ஏதனத்துக்குள் விழுந்தது. அந்தப் பழைய அறை முழுக்க எங்கள் குசினி வாசம் வந்தது.

அப்போதுதான் கட்டிலில் இருந்த மனுஷியைக் கண்டேன்.

அந்த அறையில் உயரமான இரும்புக் கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். தொடக்கூடாது என்று எழுதிய பலகையும் வைத்திருந்தார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே, கட்டிலின் ஓரத்தில், கறுப்புச் சட்டை போட்ட ஒரு வயதான மனுஷி காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். சந்தையில் பழக்கடை வைத்திருந்தவரின் விதவை. அவர் பிறந்த அறை அது. தாயும் தகப்பனும் ஏழு பிள்ளைகளும் அந்த ஓர் அறைக்குள் சீவித்தவர்களாம். கட்டில் தாயுடையது. ஆசிரியை கேட்டபோது கட்டிலைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அதைப் பார்க்க வருவதையே வழக்கமாக்கிக்கொண்டார். தன் தாயின் கட்டிலில் இருக்க வேண்டாமென்று அவரிடம் சொல்ல ஆசிரியைக்கு மனம் வரவில்லை.

அவர் அம்மாவிடம் வாசத்தைப் பற்றி ஏதோ கேட்டார். அம்மா ஒரு சிட்டிகை தேங்காய்ப்பூ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் மென்று பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். என்னை, "பிச்சிரிடா" என்று கூப்பிட்டு, இங்கே வா என்று கையைக் காட்டினார். பிச்சிரிடா என்றால் சின்னப் பெட்டை. பிறகு எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் அருங்காட்சியகம்தான். அப்பாவுக்குச் சனிக்கிழமை வேலை. பொலித்தேயாமா நாடகசாலைப் பக்கம் ஒரு வயதான ஐயாவைப் பராமரித்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. ஞாயிறு காலையில் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, "எங்கடை வீட்டுத் தேங்காய்ப்பூ அருங்காட்சியகத்திலை இருந்தெல்லோ வருது" என்பார்.

அம்மா வீடுகள் துப்புரவாக்கும் வேலை செய்தார். இந்த ஊரில் ஆமென்பதற்குச் சீ என்று சொல்ல வேண்டும். பெரிய மனிதர்களின் முகத்தைப் பார்த்துச் சீ என்று சொல்ல ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். பிறகு பழகிவிட்டது. வேலைக்குப் போகும் வீடுகளில் அவர் கதைத்த இத்தாலி மொழி ஏறக்குறைய அவ்வளவுதான். சீ சினியோரா, முடிஞ்சுது சினியோரா, நாளைக்கு வாறன் சினியோரா. சினியோரா என்றால் அம்மணி. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவரோடு அந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே என் அம்மா கொஞ்சம் கட்டையாகிவிட்டதுபோல் இருக்கும்.

அருங்காட்சியகத்தில் அவர் வேறு ஆள். போவதற்கு முன் தலையிழுத்துப் பொட்டு வைப்பார். சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுபோவார். அந்த மனுஷி சிசிலிப் பேச்சில் கதைப்பார். அம்மா தனக்குத் தெரிந்த இத்தாலியில் தொடங்கி, சொல் முட்டுப்பட்டதும் தமிழுக்குத் தாவிவிடுவார். மனுஷி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் நான் இடையில் புகுந்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. அம்மா வாய்விட்டுச் சிரிப்பதை நான் அங்கேதான் அதிகம் கேட்டேன். எனக்கோ அந்த இடம் அலுத்துப்போனது. வலையில் தூசி மணந்தது. தராசில் விளையாட விடமாட்டார்கள். வெளியே சந்தில் பெடியங்கள் பந்தடிக்கும் சத்தம் கேட்கும். ஒரு தேங்காயைத் துருவ ஒரு பின்னேரம் வேண்டுமா என்று எனக்குள் புறுபுறுப்பேன்.

ஒருநாள் ஆசிரியை அம்மாவிடம் வந்து, துருவலையை இனிக் கொண்டுபோகலாம், ஒவ்வொரு கிழமையும் உங்களை அலைக்கழிப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, அதன் படத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"இருக்கட்டும், சினியோரா" என்றார் அம்மா. "இஞ்சை நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் கோபமாக வந்தது. எந்தச் சினியோரா எதைச் சொன்னாலும் அம்மா எதிர்த்துக் கதைக்கமாட்டார், தன் சாமானைக்கூட மரியாதைக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கட்டிலுக்கு மேலே, இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே கயிறு கட்டி ஒரு துணித்தொட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய போர்கோ வீடுகளில் இடமில்லாததால் பிள்ளையை இப்படித்தான் தாயின் கட்டிலுக்கு மேலே படுக்க வைப்பார்களாம். நாக்கா என்பது அவர்களுடைய சொல். எங்கள் ஊர் ஏணைதான். ஒரு மழைநாள், ஆட்கள் ஒருவரும் வராத பின்னேரம், நான் மற்ற அறையில் படம் கீறிக்கொண்டிருந்தேன். நெடுநேரமாகத் துருவும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா துருவலையை விட்டு எழும்பி, கட்டிலில் அந்த மனுஷிக்குப் பக்கத்தில் இருந்தார். மனுஷி தொட்டில் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வெறும் தொட்டில் ஆடியது. பிறகு கயிற்றை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா ஆட்டிக்கொண்டே தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. மனுஷியின் மற்றக் கை அம்மாவின் முதுகில் இருந்தது.

இரண்டு பெரிய ஆட்கள் தொட்டில் விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தொடக்கூடாது என்ற பலகை இருக்கும்போது ஆசிரியை கண்டால் ஏசுவாரே என்ற பயமும் வந்தது. திரும்பிப் போய்ப் படம் கீறினேன்.

நான் என் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா சொன்னார். எனக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பா இத்தாலிக்குப் புறப்பட்டபோது அம்மா நான்கு மாதம். சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தங்கியிருந்தபோது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, மருந்து கிடைக்காமல் போய்விட்டது. வகுப்பறைக் கூரை வளையில் கட்டிய ஏணையிலேயே உயிர் போய்விட்டது. அப்பா பிள்ளையின் முகத்தைக் கண்டதில்லை. அம்மா பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததும் இல்லை. காணாத மனிதனிடம் எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எப்படிக் கேட்பது என்று அப்பாவுக்கும் தெரியவில்லைப் போலும்.

"அப்ப இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ அம்மா?" என்று கேட்டேன்.

"அந்த மனிசிக்குச் சொன்னனான்" என்றார். "அவவின்ரை தம்பியும் அந்தத் தொட்டிலிலைதான் போனவனாம்."

துருவலை திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லரோச் சந்தையில், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், "அண்ணை, அந்த அருங்காட்சியகத்திலை அக்காவைப் பெரிய படமாய்க் கொழுவியிருக்கினம், பார்த்தனீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பார்க்கவில்லை. எனக்குப் படத்தைத் தெரியும். ஆசிரியை தன் கைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் போட்டிருந்தார். அம்மா துருவலையில் குந்தியிருந்து, குனிந்த தலையோடு தேங்காய் துருவுகிறார். வருபவர்கள் அதன் முன்னால் நின்று பார்ப்பார்கள். அம்மா இருக்கும்போது சிலர் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒருவர் அம்மாவிடம் கேட்காமலே கைபேசியில் படம் எடுத்தார். அம்மா முகத்தை மனுஷியின் பக்கம் திருப்பிக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

வியாழன் பின்னேரம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல சட்டை போட்டிருந்தார். அம்மா வேலையில் இருந்தார்.

படத்தின் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். பிறகு அதன் இரண்டு பக்கத்திலும் இருந்த படங்களைப் பார்த்தார். மீன் விற்கும் பெண், வலை பின்னும் கிழவர், ரொட்டி சுடும் பெண். ஆசிரியை சந்தோஷமாக ஓடிவந்தார். எல்லோருக்கும் பிடித்த படம் இதுதான் என்றார்.

"இவையெல்லாம் ஆர், சினியோரா?" என்று அப்பா கேட்டார். அவருடைய இத்தாலி நன்றாகவே இருக்கும்.

ஆசிரியை ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். படங்களுக்குக் கீழேயும் பெயர்கள் எழுதியிருந்தன. எல்லோரும் இறந்துபோனவர்கள். அம்மாவின் படத்துக்குக் கீழே, தமிழ்ப் பெண் தேங்காய் துருவுகிறாள் என்று மட்டும் இருந்தது.

"என்ரை மனிசி உயிரோடை இருக்கிறா, சினியோரா" என்றார் அப்பா. "அவவுக்குப் பேரும் இருக்கு."

ஆசிரியையின் முகம் சிவந்துபோனது. மன்னிக்க வேண்டும், தன் பிழைதான், இப்போதே எழுதுகிறேன் என்று பேனாவைத் தேடி எடுத்து, அம்மாவின் பெயரை என்னிடம் கேட்டார். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். அப்பா என் தோளில் கையை வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் சாமானைக் கொண்டுபோவம்."

அப்போது ஆசிரியை, துருவலையைக் கொண்டுபோகும்படி தான் முன்பே சொன்னதாகவும், அம்மாதான் இருக்கட்டும் என்றதாகவும் சொன்னார். அப்பா என்னைப் பார்த்துத் தமிழில், "கொம்மா ஆருக்குத்தான் இல்லையெண்டு சொல்லியிருக்கிறா" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் கயிற்றுக்கு மேலால் குனிந்து துருவலையைத் தூக்கினார். ஆசிரியை படத்தைத் தானே கழற்றி, சுருட்டி, என் கையில் தந்தார். கட்டிலில் ஒருவரும் இல்லை. மனுஷி வியாழக்கிழமைகளில் வருவதில்லை.

துருவலையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா சந்தைக்குள்ளால் நடந்தார். நான் படச்சுருளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் அம்மாவை ஏதோ ஆபத்திலிருந்து மீட்டுக்கொண்டு போவதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. அவர் கண்டது உண்மையான அவமரியாதைதான்.

அம்மா வேலையால் வந்தார். துருவலை பழைய இடத்தில் இருந்தது. அப்பா நடந்ததைச் சொல்லச் சொல்ல, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்று கேட்டார்.

"இனி உமக்கு அந்த அலைச்சல் இல்லை" என்று அப்பா முடித்தார். "ஆக்கள் வந்து விடுப்புப் பார்க்கிறதுக்கு நீர் என்ன பொம்மையே?"

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ நிண்டவவோ?"

"நிண்டவ. மன்னிப்பும் கேட்டவ" என்றார் அப்பா. ஆசிரியையைச் சொன்னார்.

அம்மா "ஓம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா தேங்காயை உடைத்துக் குசினி நிலத்தில் இருந்து துருவினார். வழக்கமாக ஒரு பின்னேரம் பிடிக்கும் வேலை, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்னர் முடிந்துவிட்டது. இரவு அப்பா வந்ததும் நான் அதைத்தான் முதலில் சொன்னேன். "பார்த்தீரோ, வீட்டிலை எண்டால் எவ்வளவு கெதி" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பின்னேரம் முழுக்கச் சந்தில் விளையாடக் கிடைத்தது. அம்மா பல்கனியில் காயப்போட்ட உடுப்புகளை எடுத்து மடித்தார். மடித்து முடித்த பிறகும் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அம்மா விரும்பியிருந்தால் துருவலை இல்லாமலும் அங்கே போயிருக்கலாம். அப்பா மறித்திருக்கமாட்டார். ஆனால் வேலையில்லாமல் ஓர் இடத்துக்குப் போய் இருக்க அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்லை. அதோடு அப்பா அவருடைய மரியாதைக்காகப் போய்ச் சண்டைபிடித்துவிட்டு வந்த வாசலில், திரும்பவும் எப்படிப் போய் நிற்பது? அருங்காட்சியகமும் நெடுநாள் நிற்கவில்லை. ஆசிரியைக்குச் சுகமில்லாமல் போய்க் கதவைப் பூட்டினார்கள். என் பிள்ளை பிறந்த பிறகு ஒருமுறை அம்மாவோடு அந்தச் சந்துக்குப் போனேன். மூன்று அறைகளும் சுற்றுலாக்காரர் தங்கும் இடமாகியிருந்தன. கட்டிலும் தொட்டிலும் எங்கே என்று விசாரித்தேன். அங்கே இருந்த பெடியனுக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது. அம்மா உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த மனுஷியை நாங்கள் ஒரே ஒரு தடவைதான் திரும்பக் கண்டோம். துருவலை வீட்டுக்கு வந்து சில மாதங்கள் இருக்கும். ஞாயிறு காலை, போர்கோச் சந்தையில், கத்தரிக்காய்க் கடையடியில். அப்பாவும் கூட இருந்தார். மனுஷி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். ஏன் வருவதில்லை, சனிக்கிழமைகளில் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார். மகள் வடக்கே தொரீனோ நகருக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள், அங்கே ஒருவரையும் தெரியாது என்றார். அப்பா மரியாதைக்குப் புன்னகைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"சீ, சினியோரா" என்றார் அம்மா. "வேலை கூட, சினியோரா."

வேலைக்குப் போகும் வீடுகளில் கதைக்கும் அதே குரல். மனுஷி அப்பாவை ஒருமுறை பார்த்தார். அம்மாவின் கைகளை விட்டார். என் கன்னத்தைத் தட்டி, பிச்சிரிடா என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். கறுப்புச் சட்டை மீன்கடை மறைவில் போகும் வரை அம்மா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எடுத்ததையே திரும்ப வைத்து, திரும்பவும் எடுத்தார்.

"ஏனம்மா, முந்தி விடிய விடியக் கதைக்கிற மாதிரிக் கதைப்பீங்கள். இண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"கையிலை தேங்காய் இல்லாமல் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார் அம்மா.

அப்பா பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா எப்போதாவதுதான் பகிடி விடுவார். அன்று விட்டது நல்ல பகிடி என்று, அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன்.